பஸ் இருக்கே, ஏன் நடக்கிறீங்க?

பச்சைமலையில் எங்களைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்காத ஜீவன் ஒன்றே ஒன்று. அது ஒரு எருமை. அதுகூட வாய் நிறையப் புல் இருந்ததால்தான் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

நடக்க வேண்டும் என்பது என் ஆசை இல்லை. ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு நடை என்றால் உத்திர வீதி, சித்திரை வீதி, மிஞ்சிப்போனால் அம்மா மண்டபம். பெருமாளே அதற்கு மேல் அநாவசியமாக அலைவதில்லை. ஆசை என் மச்சினனுடையது. நியூ ஜெர்சியில் இருக்கிறான். ஆனி மாதம் லீவுக்கு வந்தவன், வந்த தூக்கக் கலக்கம் தெளிவதற்குள், "அத்திம்பேர், இங்க பக்கத்துல நல்ல டிரெயில் எது?" என்றான். ரயில் என்று காதில் விழுந்து, பல்லவன், மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் இரண்டுக்கும் நேரம் சொல்லிவிட்டேன். பிறகுதான் விளக்கினான்.

அமெரிக்காவில் அப்பலாச்சியன் டிரெயில் என்று ஒரு நடைபாதை. ஜார்ஜியாவில் ஆரம்பித்து மெய்ன் வரைக்கும், 14 மாநிலங்கள் வழியாக, ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். காடும் மலையும் கரடியும் உண்டு. ஒரே மூச்சில் முடிக்க ஐந்தாறு மாதம் பிடிக்கும். அதற்கென்றே வேலையை விட்டுவிட்டு வருஷா வருஷம் ஆயிரக்கணக்கானவர்கள் கிளம்புகிறார்களாம். நம்மூரில் வேலை போனவன் நடப்பான். அங்கே நடப்பதற்காக வேலையை விடுகிறான். மச்சினன் இன்னும் வேலையில் இருப்பதால், அந்தப் பாதையில் நியூ ஜெர்சிக்குள் வருகிற துண்டை மட்டும் சனி, ஞாயிறுகளில் தவணை முறையில் நடந்து முடித்திருக்கிறான். பேச்சில் மட்டும் முழு 3,500-உம் வந்துவிடும்.

அவன் சொன்னதில் எனக்குப் பிடித்தது ஒரு பாட்டியின் கதை. எம்மா கேட்வுட் என்று பெயர், ஒஹையோ மாநிலத்துக் குடியானவப் பெண்மணி. 11 பிள்ளை பெற்றவள். 1954-இல் முதல் தடவை மெய்ன் பக்கமிருந்து நடக்கத் தொடங்கி, வழி தவறி, மூக்குக் கண்ணாடியை உடைத்துக்கொண்டவளை, காட்டிலாகாக்காரர்கள் வீட்டுக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருஷம், 67 வயதில், யாரிடமும் விவரம் சொல்லாமல் "கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன்" என்று கிளம்பி முழுப் பாதையையும் முடித்துவிட்டாள். காலில் கான்வாஸ் ஷூ. தோளில் தானே தைத்த துணிப்பை. மழைக்குக் குளியலறையில் தொங்கவிடுகிற பிளாஸ்டிக் திரை. கூடாரம் கிடையாது. இரவானால் கதவைத் தட்டி இடம் கேட்பாள். கிடைத்தால் திண்ணை, கிடைக்காவிட்டால் தரை.

இதை என் மனைவியிடம் சொன்னேன். "பதினொண்ணு பெத்தவளோன்னோ! கொஞ்ச நாளாவது தனியா இருக்கலாம்னு கெளம்பியிருப்பா" என்றாள். அந்தப் பாட்டியின் புருஷன் கை நீட்டுகிற ஆசாமி என்றும், விவாகரத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள் என்றும் பின்னால் படித்தேன். என் மனைவியின் ஊகம் பாதிக்கு மேல் சரி.

அந்தப் பாதையில் இன்னொரு சமாசாரமும் உண்டு. நடப்பவர்கள் களைத்து வரும் இடங்களில் முன்பின் தெரியாத யாரோ ஒரு ஐஸ் பெட்டியில் குளிர்பானமும் தின்பண்டமும் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். யார் வைத்தது என்று தெரியாது, யாருக்கு என்றும் கிடையாது. வருகிறவன் ஒன்றை எடுத்துக்கொண்டு போக வேண்டியது. டிரெயில் மேஜிக் என்று பெயராம். வைப்பவர் டிரெயில் ஏஞ்சல், அதாவது தேவதை. "அந்த மாதிரி மனுஷத்தனம் இங்க வராது அத்திம்பேர்" என்று பெருமூச்சு விட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த மச்சினனிடம் விவாதம் செய்து ஜெயித்தவன் எவனும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

பச்சைமலை என்று முடிவானது தூரத்தை உத்தேசித்துத்தான். திருச்சிக்கு வடக்கே 80 கிலோமீட்டர் போல. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு துண்டு. திருச்சி, பெரம்பலூர், சேலம் என்று மூன்று மாவட்டங்களுக்கும் கால் நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. உயரம் 500-லிருந்து 1,000 மீட்டருக்குள். பக்கத்திலேயே கொல்லிமலை பேரும் புகழுமாக இருப்பதால் இதைச் சீந்துவார் குறைவு. கூட்டம் இல்லை என்பதே மச்சினனுக்குத் தகுதியாகப் பட்டது. பயிற்சிக்கு என்னை மலைக்கோட்டைக்கு அழைத்துப்போய் நானூற்றுச் சொச்சம் படியையும் ஏற வைத்தான். உச்சிப்பிள்ளையாரிடம் நான் வேண்டிக்கொண்டது மழையை. பெய்யவில்லை.

கிளம்புகிற அன்று அவன் கோலத்தைப் பார்க்க வேண்டும். கணுக்கால் மூடும் பூட்ஸ். இரண்டு கைக்கும் இரண்டு அலுமினியக் கோல். மணிக்கட்டில் செயற்கைக்கோளோடு பேசுகிற கடிகாரம். முதுகுப் பைக்குள் ஒரு தண்ணீர்ப் பை. அதிலிருந்து ஒரு குழாய் தோள் வழியாக வாய்வரை வந்து தொங்குகிறது. "டிரிப்ஸ் ஏத்திண்டே ஆஸ்பத்திரிலேர்ந்து ஓடி வந்தவன் மாதிரி இருக்கேடா" என்றாள் அக்காக்காரி. எனக்கு ஒரு மஞ்சள் பையில் புளியோதரை.

நம்பர் ஒன் டோல்கேட்டில் துறையூர் பஸ். மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை உமி வாசனை ஏறி, அடுத்த நிறுத்தம் வரை எங்களோடு வந்தது. துறையூரில் இறங்கி, சோபனபுரம் போய், அடிவாரத்து வனத்துறைச் சோதனைச்சாவடியில் பேர் எழுதினோம். 2018-இல் குரங்கணிக் காட்டுத் தீயில் அத்தனை உயிர் போனதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளே போட்டிருக்கிறது. கண்ட காட்டுக்குள் நுழைய முடியாது, நுழையவும் கூடாது. அங்கிருந்தவர் தீர்மானமாகச் சொன்னார்: "காட்டுக்குள்ள போகாதீங்க. ரோட்டோட போங்க, ஊர்க்காரங்க நடக்கிற குறுக்குப் பாதையில போங்க." சொல்லிவிட்டு ஒரு கணம் எங்களைப் பார்த்தார். "மேல பஸ் போகுதே சார்?"

அதுதான் முதல் தடவை.

இரண்டாவது ஒரு பால்காரர். டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் கேன் கட்டிக்கொண்டு எதிரே வந்தவர், வண்டியை ஓரங்கட்டி, விசாரித்து, திரும்பி வரும்போது ஏற்றிக்கொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்றோம். சொன்னபடி திரும்பி வந்தார். "கூச்சப்படாதீங்க, காசெல்லாம் வேணாம்" என்றார். மச்சினன் தமிழில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். எங்களுக்கு நடப்பதுதான் பிடிக்கும் என்றான். அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பிடிக்காது என்பது முகத்தில் எழுதியிருந்திருக்கும். "அந்த ஐயாவையாச்சும் ஏத்திவிடுங்க தம்பி" என்றார். ஏறியிருப்பேன். அக்கா தம்பி உறவு எவ்வளவு வலிமையானது என்று தெரிந்ததால் ஏறவில்லை.

அடுத்த வளைவில் விறகுக்கட்டோடு இறங்கிக்கொண்டிருந்த மூன்று பெண்கள். அவர்கள் கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்டார்கள்: "வீட்ல சண்டையா?"

இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று பட்டது. நம் பக்கத்தில் நடக்கிறவனுக்கு ஒரு சாமி துணை இருந்தால் போதும், கேள்வி கிடையாது. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்களைப் பாருங்கள். சமயபுரத்துக்கு மாசி, பங்குனி, சித்திரையில் நடக்கிறவர்களைப் பாருங்கள். பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிற ஊர் அது. வருகிறவர்கள் மட்டும் பட்டினியாக வந்துவிட முடியாது. வழியெல்லாம் நீர்மோர், பானகம், பொட்டலச் சாதம். வேண்டாம் என்று கையை ஆட்டினால் கையிலேயே திணிப்பார்கள். கால் வீங்கி உட்கார்ந்தால் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து தைலம் தேய்த்துவிடுவார். 3,500 கிலோமீட்டருக்கு ஓரிரண்டு ஐஸ் பெட்டியை வைத்துவிட்டுத் தேவதை என்று பட்டம் கட்டிக்கொள்கிற ஊர்க்காரர்கள் ஒரு தடவை சமயபுரம் பூச்சொரிதலுக்கு வந்து பார்க்க வேண்டும்.

ஆகவே, அடுத்தபடி எதிர்ப்பட்ட பெரியம்மாவிடம் நான் முந்திக்கொண்டேன். "வேண்டுதல்மா. சமயபுரத்துக்கு."

அவர் தலைச்சுமையோடு அப்படியே திரும்பி, நாங்கள் வந்த திசையைக் கையால் காட்டினார். "சமயபுரம் அந்தப் பக்கம் சாமி."

பச்சைமலை ஏற்றத்தை அதிகமாகவும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். ரோட்டோடு போனால் சுற்று, குறுக்குப் பாதையில் போனால் மூச்சு. குறுக்குப் பாதை என்பது, முன்பு ரோடு இல்லாத காலத்தில் மலை ஜனங்கள் துறையூர்ப் பக்கம் சந்தைக்கு இறங்கிய பாதை. நேராக ஏறும், வளைந்து போவதெல்லாம் மாட்டு வண்டிக்கும் மந்திரிக்கும்தான் என்று நினைத்துப் போட்டிருக்கிறார்கள். மச்சினனின் கடிகாரம் அடிக்கடி கீச்சென்று கத்தி, இதயம் வேகமாகத் துடிப்பதாக அவனுக்குத் தெரிவித்தது. என் இதயம் எனக்கு நேரடியாகவே தெரிவித்தது. ரப்பர்ச் செருப்புப் போட்ட ஒரு பையன் தலையில் பலாப்பழத்தோடு எங்களைக் கடந்து மேலே போனான். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு இறங்கி வந்தான். மறுபடி ஒரு பழத்தோடு ஏறினான். மூன்று தடவையும் மரியாதையாக வழிவிட்டு நின்று, "மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு இடத்தில் மச்சினன் பையை இறக்க மேடு தேடினான். பாதையோரம் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. இரண்டு கல் தூண், மேலே குறுக்காக ஒரு பலகைக் கல். தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கவும் திரும்பத் தூக்கவும் தோதான உயரம். "பர்ஃபெக்ட் ஹைட்!" என்று அசந்துபோனான். நாலு பக்கமும் படம் எடுத்தான். இதை யார் வைத்தார்கள் என்று கேட்டான். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டுவைக்கும் கல் இது, அவள் இறக்கி வைக்க முடியாத சுமைக்காக ஊரார் சுமையை இறக்க ஒரு இடம் என்று சொன்னேன். படம் எடுப்பதை நிறுத்திவிட்டான். பையைத் தூக்கிக்கொண்டான். அடுத்த இரண்டு வளைவுக்குக் கடிகாரம் மட்டும்தான் பேசியது.

மேலே முதல் ஊரில், ஒரு கூரை வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீரோடு வந்தார். கொடுத்துவிடவில்லை. கையில் வைத்துக்கொண்டே விசாரணையைத் தொடங்கினார். எந்த ஊர்? ஸ்ரீரங்கமா? பெருமாள் கோயில் பக்கத்துலயா? எத்தனை புள்ளைங்க? இவரு யாரு, மச்சினனா? கூடப் பொறந்தவளா, பெரியப்பா மக வகையா? அமெரிக்காவா? அங்க சோறு கிடைக்குமா? பெண் கட்டியாச்சா? இவ்வளவுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகுதான் செம்பு எங்கள் பக்கம் நகர்ந்தது.

மச்சினன் பையிலிருந்து ஒரு வடிகட்டிக் குழாயை எடுத்துச் செம்பில் விட்டான். ஆற்று நீரையும் குடிநீராக்கும் குழாயாம். பாட்டி செம்பையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏஞ்சாமி, தண்ணி அழுக்கா?" கோபம் ஒன்றும் இல்லை, விசாரிக்கிறார். மச்சினன் முகம் சிவந்து, குழாயை எடுத்துப் பையில் திணித்துவிட்டு, செம்பை அண்ணாந்து கடகடவென்று குடித்தான். இரண்டாவது செம்பும் குடித்தான். ஸ்ரீரங்கத்தில் என் அம்மா எனக்குப் போதித்த ஆசார அனுஷ்டானமெல்லாம் நாலைந்து வளைவுக்கு முன்பே கழன்று விழுந்திருந்தது, நானும் குடித்தேன்.

அப்புறம் சாப்பாடு. வேண்டாம், புளியோதரை இருக்கிறது என்றேன். அதை வாங்கி அவர் ஒரு தட்டில் கொட்டிக்கொண்டு, எங்களுக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். பண்டமாற்று முடிந்ததும் புளியோதரையை ஒரு வாய் ருசித்து, யோசித்து, தீர்ப்புச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்குது. உப்புதான் பத்தல." நாற்பது வருஷ இல்லறத்தில் நான் சொல்லத் துணியாத வாக்கியம்.

மச்சினன் பூட்ஸைக் கழற்றியபோது குதிகாலில் இரண்டு கொப்புளம், எலுமிச்சங்காய் அளவு. பாட்டி விளக்கெண்ணெயைச் சூடு காட்டித் தடவிவிட்டார். தடவிக்கொண்டே, ரோடு வருவதற்கு முன்பு பிரசவ வலி எடுத்தால் எப்படித் தூளி கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள் என்று சொன்னார். மழைக்காலத்தில் என்ன ஆகும் என்றும் சொன்னார். தன் மூத்த மகள் அப்படி இறங்கியவள் என்றார். நல்லபடியாகத் திரும்பி வந்தாள் என்று அவரே சேர்த்துக்கொண்டது எங்களுக்காகத்தான் என்று தோன்றியது. "நீங்க என்ன வேண்டுதலுக்கு நடக்கிறீங்க?" என்று கடைசியில் கேட்டார். பதில் சொல்வதற்கு மச்சினனிடம் ஆங்கிலத்திலும் எதுவும் இருக்கவில்லை.

அங்கிருந்து அடுத்த ஊருக்குப் போகும் பாதையில்தான் வேடிக்கை. இரண்டு கோல், மணிக்கட்டுக் கடிகாரத்தில் உயரம், தூரம், திசை. அவ்வப்போது நின்று நோட்டில் எதையோ குறிக்கிறான். வரப்பில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். "ரோடு அளக்கத்தானே வந்திருக்கீங்க?"

இல்லை என்றோம். சிரித்தார். "போன தடவை வந்தவங்களும் இப்படித்தான் இல்லைன்னாங்க."

அதற்கப்புறம் அவர் எங்களை விடவில்லை. எந்த இடத்தில் ரோடு திரும்ப வேண்டும், எந்த ஓடையில் சின்னப் பாலம் வேண்டும், யார் பட்டா நிலம் குறுக்கே வருகிறது, அவர் ஒத்துக்கொள்வார், அவர் தம்பி ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நடத்தியே காட்டினார். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் மச்சினன் கோலை வாங்கி ஓடைக்குள் விட்டு ஆழம் பார்த்தார், கோல் வளைந்தது, மன்னிப்புக் கேட்டுவிட்டு அங்கேயே ஒரு மூங்கிலை வெட்டிச் சீவிக் கொடுத்தார். அதைவிட இது நல்ல கோல். கிழக்கே மலை இறங்கினால் அரும்பாவூர், மரச் சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். மரத்தில் கை வைத்தால் இந்தப் பக்கத்துக்காரர்கள் தெரிந்துதான் வைப்பார்கள்.

மச்சினன் மென்பொருள் ஆசாமி. பாலத்துக்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஐந்து பேர் சுற்றி நின்று எதிர்பார்க்கும்போது எழுதாமல் இருக்க முடியுமா? எழுதினான். பெரியவர் எட்டிப் பார்த்தார். "இங்கிலீஷா? கலெக்டர் ஆபீசுல தமிழ்ல எழுதுனாத்தான் சீக்கிரம் நவுரும்" என்றார். கடைசியில் நான் நோட்டை வாங்கி, கல்லில் உட்கார்ந்து, முறைப்படி "பொருள்", "பார்வை" எல்லாம் போட்டு ஒரு மனுவே எழுதினேன். முப்பத்தைந்து வருஷம் அலுவலகக் கோப்பில் குறிப்பு எழுதிய கை, பச்சைமலை உச்சியில் பயன்பட்டது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மனுவைத் திருச்சிக்கு வந்த பிறகு திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் நானே வரிசையில் நின்று கொடுத்து, ரசீது எண்ணும் வாங்கி அவருக்கு அனுப்பிவிட்டேன். இந்தப் பயணத்தில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான் என்று என் மனைவியின் அபிப்பிராயம்.

இருட்டிவிட்டது. மலை மேல் நாங்கள் போக நினைத்திருந்த டாப் செங்காட்டுப்பட்டிக்குப் போய்ச் சேர முடியாது. ஒரு டீக்கடைக்காரர் தன் வீட்டுத் திண்ணையைக் கொடுத்தார். அதற்கு முன் அவரும் ஊர், பேர், பிள்ளைகள், சம்பளம் எல்லாம் விசாரித்தார். சம்பளத்தை மச்சினன் டாலரில் சொன்னதும் நம்பாமல் விட்டுவிட்டார். ராத்திரி காற்று நன்றாக வந்தது. அவர் கதை சொன்னார். இந்த மலை ஜனங்களுக்கு மலையாளி என்றுதான் பெயர், ஆனால் அவர்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தம் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்து, சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. காஞ்சியிலிருந்து இங்கே இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. மச்சினன் எழுந்து உட்கார்ந்தான். இது அல்லவா நெடுந்தூர நடை!

"ஆமா தம்பி" என்றார் டீக்கடைக்காரர். "அன்னிக்கு நடந்தாங்க. அதுக்கப்புறம் எங்க வம்சத்துல யாரும் சும்மா நடக்கிறதில்ல."

மறுநாள் பஸ்ஸில் இறங்கினோம். கால் கெஞ்சியதால் நானும், கொப்புளத்தால் அவனும். பஸ்ஸில் ஏறியதும் தெரிந்த முகங்கள் நாலைந்து. எல்லோருக்கும் ஒரு நிம்மதி. "இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் மச்சினனுக்கு மனசு ஆறவில்லை. அத்தனை பேர் அத்தனை செய்திருக்கிறார்கள், யாரும் காசு வாங்கவில்லை. பாட்டியிடம் அவன் நீட்டிய ஐந்நூறு ரூபாய் நோட்டை அவர் புறங்கையால் தள்ளிவிட்டு, "கல்யாணத்துக்குச் சொல்லி விடு" என்றுவிட்டார். திருப்பிச் செய்தாக வேண்டும் என்று குதித்தான். அமெரிக்க முறைப்படி செய்யத் தீர்மானித்தான்.

நான் போகவில்லை; முழங்கால் அனுமதிக்கவில்லை. அவன் தனியாக ஒரு தெர்மாகோல் பெட்டியில் பன்னீர் சோடா, கடலை மிட்டாய், களைத்தவர்கள் பிழிந்து குடிக்க ஒரு டஜன் எலுமிச்சம்பழம், கூடவே உப்புப் பொட்டலம், எல்லாம் அடுக்கிக்கொண்டு கிளம்பினான். காக்காய் கொத்தாமல் இருக்க மேலே போர்த்த அக்காவிடம் துணி கேட்டான். அவள் ஒரு சிவப்புத் துண்டைக் கொடுத்தாள். மூன்று பாதை சேருகிற இடமாகப் பார்த்து, புளியமரத்தடியில் பெட்டியை வைத்து, சிவப்பு மையில் "நடப்பவர்கள் எடுத்துக்கொள்ளவும்" என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் திரும்பிவிட்டான். தேவதைகள் அப்படித்தான் செய்வார்களாம். மூன்றாம் நாள் விமானம் ஏறிப் போய்விட்டான்.

அவன் போன மறுநாள் டீக்கடைக்காரரிடமிருந்து போன்.

"சார், அமெரிக்கா தம்பி ஒரு பொட்டி வெச்சிட்டுப் போனாரா?"

ஆமாம் என்றேன்.

"அதானே! நான் சொன்னேன், எவனும் நம்பல. அமாவாசையும் அதுவுமா, முச்சந்தியில, புளியமரத்தடியில, செவப்புத் துணி போத்தி, எலுமிச்சம்பழமும் உப்பும் வெச்சு, செவப்பு எழுத்துல வேற என்னமோ எழுதியிருக்குது. யாரோ பெரிய கழிப்புக் கழிச்சு விட்டுட்டாங்கன்னு ஊரே பயந்துபோச்சு சார். இத்தனை நாளா அந்தப் பாதையில ஒருத்தரும் போகல. சந்தைக்குப் போறவங்க பூரா மலையைச் சுத்தி அந்தாண்டை பாதையில போறாங்க."

எவ்வளவு சுற்று என்று கேட்டேன். சொன்னார். அதை நான் மச்சினனிடம் சொல்லவில்லை.

"நானே எடுத்திருப்பேன். எங்க வீட்ல தொடக் கூடாதுன்னுட்டாங்க. அப்புறம் பூசாரியைக் கூட்டியாந்து சூடம் கொளுத்திச் சுத்திப்போட்டு எடுத்தாச்சு. பொருள் ஒண்ணும் குறையல, எண்ணிப் பாத்துக்குங்க. சாயங்காலம் பஸ்ல ஏத்திவிடுறேன், சத்திரத்துல வந்து வாங்கிக்குங்க."

பூசாரிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், அனுப்பி வைக்கிறேன் என்றேன். "அட விடுங்க சார், மறந்து வெச்சிட்டுப் போன பொருளுக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா?" என்று போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் சத்திரம் பேருந்து நிலையத்தில் கண்டக்டர் இறக்கிக் கொடுத்தார். பெட்டி, அதன் மேல் சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய முழுப் பலாப்பழம் ஒன்று, பக்கவாட்டில் ஒரு பை சாமை அரிசி. பன்னீர் சோடா பாட்டில் அத்தனையும் மூடி திறக்காமல் இருந்தன. எலுமிச்சம்பழம் மட்டும் வாடியிருந்தது. சிவப்புத் துண்டைத் துவைத்து மடித்து வைத்திருந்தார்கள்.

என் மனைவி வாசற்படியிலேயே நிறுத்தினாள். "ஏன்னா, கழிப்புன்னு தெரிஞ்சும் ஆத்துக்குள்ள எடுத்துண்டு வரேளா?" அது நம் வீட்டுத் துண்டு, நீ கொடுத்தது என்றேன். கொடுத்தபோது சரி, அமாவாசை முச்சந்தியில் இருந்துவிட்டு வந்த பிறகு வேறு என்றாள். பலாப்பழமும் சாமையும் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே போயின. பெட்டி திண்ணையில் நின்றது.

ராத்திரி மச்சினனிடமிருந்து செய்தி வந்தது: "அத்திம்பேர், பாக்ஸ் என்னாச்சு? ஜனங்க எடுத்துண்டாளா?"

"எல்லாம் காலி" என்று பதில் போட்டேன். பன்னீர் சோடா, மனைவி தூங்கிய பிறகு திண்ணையில் உட்கார்ந்து குடித்தாலும், நன்றாகத்தான் இருந்தது.